112ஆம் எண்

டார்செஸ்டரில் நாங்கள் குடியிருந்தது மூன்றடுக்கு மரவீடு. பாஸ்டனின் அந்தப் பகுதியில் தெருவுக்குத் தெரு அப்படிப்பட்ட வீடுகள்தான். மாடிக்கு ஒரு குடும்பம், பின்பக்கம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மரப்படி. நாங்கள் நடுமாடி. மேல்மாடியில் கேப் வெர்டி தீவுகளிலிருந்து வந்த ஒரு அம்மாவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி அவருக்கு. ஊர் வழக்கப்படி பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், ஆனால் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மனதுக்குள் அவர் எனக்கு அக்காதான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

2015 மார்ச்சில் ஒரு நாள், வேலை முடித்து வந்தவர் தன் வீட்டுக்குப் போகாமல் எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு கடிதம். பையனை ஐந்தாம் வகுப்பில் சேர்க்க ஒரு சார்ட்டர் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். "இதில் 112 என்று இருக்கிறதே, நல்ல எண்ணா?" என்று கேட்டார். குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களின் காத்திருப்புப் பட்டியலில் பையன் 112ஆவது. அந்தப் பள்ளி ஐந்தாம் வகுப்பில் சேர்ப்பதே நூறு பிள்ளைகளுக்குள்தான். இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

சார்ட்டர் பள்ளி என்றால் என்ன என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான். அதுவரை ஏதோ பணக்காரத் தனியார் பள்ளி என்றே நினைத்திருந்தேன். இந்தியாவில் இருக்கும் உறவினர்களிடம் பேசினால் அவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நான் படித்தது பாளையங்கோட்டையில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில். சம்பளம் அரசாங்கம் கொடுக்கும், நிர்வாகம் வேறொருவர் கையில். சார்ட்டர் பள்ளியைப் புரிந்துகொள்ள அதுவே நல்ல வாசல். பணம் மக்களுடைய வரிப்பணம். கட்டணம் கிடையாது, நுழைவுத்தேர்வு கிடையாது, மதம் சொல்லித்தரக் கூடாது, மாநிலத் தேர்வு எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் பள்ளியை நடத்துவது நகரத்தின் கல்வித்துறை அல்ல, தனி அறங்காவலர் குழு. யாரை ஆசிரியராக எடுப்பது, எத்தனை மணி வரை வகுப்பு, எந்தப் பாடத்திட்டம் என்பதையெல்லாம் பள்ளியே முடிவு செய்யும். ஆசிரியர்கள் பெரும்பாலும் நகர ஆசிரியர் சங்கத்தில் இல்லாதவர்கள். விண்ணப்பம் இடத்தைவிட அதிகமானால் எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல். நம் ஊரில் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடத்துக்குக் குலுக்கல் நடக்கிறதே, அதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். இங்கே 25 விழுக்காடு அல்ல, மொத்த இடமும் குலுக்கல்தான். ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் உடன்பிறந்தவர்களுக்கும் அந்த ஊரில் வசிப்பவர்களுக்கும் மட்டும் முன்னுரிமை.

உதவி பெறும் பள்ளிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. சார்ட்டர் என்றால் சாசனம். நம் செப்பேடுகளில் அரசன் நிலம் கொடுக்கும்போது சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று எழுதிக் கொடுப்பான். மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியம் எழுதிக் கொடுப்பது ஐந்தாண்டுக்கு. ஐந்தாண்டில் பிள்ளைகள் என்ன கற்றார்கள், கணக்குவழக்கு ஒழுங்காக இருக்கிறதா, சொன்னதைச் செய்தார்களா என்று பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள். தேறாத பள்ளிகளை மூடியும் இருக்கிறார்கள். சுதந்திரம் கொடு, பலனைக் காட்டச் சொல், காட்டாவிட்டால் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கு. மொத்த ஏற்பாடும் இவ்வளவுதான்.

இந்த யோசனையை நாடு முழுக்கக் கொண்டுபோனவர் ஓர் ஆசிரியர் சங்கத் தலைவர் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. சொல்லைக் கொடுத்தவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே பட். 1988 மார்ச் 31 அன்று வாஷிங்டனில் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் ஆற்றிய உரைதான் யோசனையைப் பரப்பியது. வழக்கமான வகுப்பறையில் தேறாத பிள்ளைகளுக்காக ஆசிரியர்களே சேர்ந்து சின்னச் சின்னப் பள்ளிகள் நடத்தட்டும், அங்கே கற்றதை மற்றப் பள்ளிகள் எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் கனவு. 1991இல் மின்னசோட்டா முதல் சட்டம் போட்டது. 1992இல் செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது, படிப்பை விட்டு நின்றுபோன இளைஞர்களுக்காக. ஆனால் சீக்கிரமே வேறு ஆட்களும், லாபம் தேடும் நிறுவனங்களும் உள்ளே வர, ஷாங்கரே இதிலிருந்து விலகி எதிர்க்கத் தொடங்கினார். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, கண்காணிப்பு வேறு. ஒஹாயோவில் இணையவழிச் சார்ட்டர் பள்ளி ஒன்று 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில் மூடப்பட்டு ஏறத்தாழ 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேடி அலைந்தார்கள். அதனால் "அமெரிக்க சார்ட்டர் பள்ளிகள் எப்படி?" என்று யாராவது கேட்டால், எந்த ஊர் என்று திருப்பிக் கேட்பேன். எனக்குத் தெரிந்தது பாஸ்டன்.

பாஸ்டனில் நகரப் பள்ளி என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1974இல் நீதிபதி ஆர்தர் கேரிட்டி, பள்ளிகளில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து வைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்து, பேருந்தில் ஏற்றிக் கலந்து அனுப்பச் சொன்னார். கறுப்பினப் பிள்ளைகள் வந்த பேருந்துகள்மீது தெற்கு பாஸ்டனில் கல் வீசினார்கள். வெள்ளைக் குடும்பங்கள் பல புறநகருக்குப் போயின, வசதியும் கூடவே போனது. இன்று நகரப் பள்ளிகளில் படிப்பவர்கள் 50,000க்கும் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்தவரும். இன்னும் ஏறத்தாழ 10,000 பேர் சார்ட்டர் பள்ளிகளில் படிக்கிறார்கள். நகரத்தில் வாழும் பெற்றோருக்குக் குலுக்கல் ஒன்றும் புதிதல்ல. சாதாரண நகரப் பள்ளியில் எது கிடைக்கும் என்பதையும் விருப்பப் பட்டியலும் ஒரு குலுக்கல் எண்ணும்தான் முடிவு செய்கின்றன.

அக்காவின் பையன் அப்படிக் கிடைத்த ஒரு நகரப் பள்ளிக்கே போனான். மோசமான பள்ளி என்று சொல்ல மாட்டேன். அவனுடைய அறிவியல் ஆசிரியையை எனக்குத் தெரியும், இருபது ஆண்டுகளாக அங்கேயே இருப்பவர், பிள்ளைகளின் அம்மா அப்பா பெயர் முதற்கொண்டு தெரிந்தவர். ஆனால் அந்தப் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒன்று குறைந்துகொண்டே வந்தது. நூலகர் போனார், இசை ஆசிரியர் வாரத்துக்கு இரண்டு நாள் ஆனார். 2016 மார்ச்சில் பாஸ்டன் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியே வந்து பட்ஜெட் வெட்டை எதிர்த்து நகர மையத்தில் ஊர்வலம் போனார்கள். மேல்வீட்டு ஜன்னலில் அந்தப் பையன் எழுதி ஒட்டிய ஓர் அட்டை ஒரு மாதம் இருந்தது.

இதில் பணம் எப்படி ஓடுகிறது என்பது முக்கியம். ஒரு பிள்ளை சார்ட்டர் பள்ளிக்குப் போனால் அந்தப் பிள்ளைக்கான தொகை நகரத்துக்கு மாநிலம் தரும் நிதியிலிருந்து கழிக்கப்பட்டுச் சார்ட்டர் பள்ளிக்குப் போகும். பிள்ளை எங்கே போகிறதோ பணமும் அங்கே போகட்டும் என்பது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இருபது பிள்ளைகள் போகிறார்கள் என்றால் ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை. இருபது வகுப்பிலிருந்து ஒவ்வொருவராகப் போவார்கள். எந்த வகுப்பையும் மூட முடியாது, எந்த ஆசிரியரையும் குறைக்க முடியாது, குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் செலவும் அதேதான். போதாததற்கு சார்ட்டர் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பேருந்தையும் நகரமே ஓட்ட வேண்டும். இந்த இழப்பைச் சில ஆண்டுகளுக்கு ஈடுகட்டவே மாநிலம் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. சட்டத்தில் எழுதியிருந்த அந்த ஈட்டுத்தொகையை அந்த ஆண்டுகளில் மாநிலம் முழுதாகக் கொடுக்கவில்லை. 2019இல் வந்த சட்டம்தான் அதைச் சரிசெய்ய முயன்றது.

2016 நவம்பரில், குடியரசுத் தலைவர் தேர்தலோடு சேர்த்து, மாசசூசெட்ஸ் மக்களிடம் வாக்குச்சீட்டில் இரண்டாவது கேள்வியாக இதைக் கேட்டார்கள்: ஆண்டுக்கு 12 புதிய சார்ட்டர் பள்ளிகள்வரை அனுமதிக்கலாமா? மாநிலம் முழுக்கக் காத்திருப்புப் பட்டியல்களில் அப்போது 30,000க்கும் அதிகமான பெயர்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து ஏறத்தாழ 4 கோடி டாலர் செலவழித்தன. வேண்டும் என்ற தரப்பில் ஓர் அமைப்பு, பணம் கொடுத்தவர்களின் பெயரை மறைத்ததற்காக அடுத்த ஆண்டு 4,26,000 டாலருக்கும் மேல் கட்டவேண்டி வந்தது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்காக என்று சொல்லிக்கொண்டு, பெயரை மறைத்து ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை கோபம் உண்டு.

எனக்கு அப்போது ஓட்டு இல்லை. அக்காவுக்கு இருந்தது. மகன் 112ஆவது இடத்தில் நின்ற தாய் வேண்டும் என்றுதான் ஓட்டுப் போடுவார் என்று நினைத்தேன். வேண்டாம் என்று போட்டார். "அவன் இருக்கும் பள்ளியில்தானே இன்னும் நூலகர் இல்லை" என்றார். முடிவும் அதுதான்: 62 விழுக்காடு வேண்டாம், 38 விழுக்காடு வேண்டும்.

பதினாறு மாதம் கழித்து, 2018இல், மகளுக்கு அதே பள்ளியில் அதே ஐந்தாம் வகுப்புக்கு விண்ணப்பம் போட்டார். இதில் எனக்கு முரண்பாடே தெரியவில்லை. ஓட்டு எல்லாப் பிள்ளைகளுக்காகப் போட்டது, விண்ணப்பம் தன் பிள்ளைக்காகப் போட்டது. மகளுக்கு இடம் கிடைத்தது. பின்படியில் அவர் ஓடிவந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஒரு சார்ட்டர் பள்ளியை உள்ளிருந்து பார்த்த மாதிரி ஆனது. காலை ஏழே முக்காலிலிருந்து மாலை நான்குவரை பள்ளி. சீருடை. தினமும் இரண்டு கணக்கு வகுப்பு. அதோடு பள்ளி நேரத்துக்குள்ளேயே, கல்லூரி முடித்த ஓர் இளைஞர் இரண்டே பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித்தரும் ஒரு மணி நேரம். இந்தத் தனிப்பயிற்சி முறையை 2004 வாக்கில் பாஸ்டனின் மேட்ச் என்ற சார்ட்டர் பள்ளி பெரிதாகச் செய்து காட்டியது. ஓராண்டு வேலைக்கு வந்த பயிற்சியாளர்களைப் பள்ளிக் கட்டடத்தின் மேல்மாடியிலேயே தங்க வைத்தார்கள். ஊரில் டியூஷன் என்பது வசதி உள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கு. இங்கே அது பள்ளியின் கடமையாக மாறியிருந்தது. எனக்கு இந்தப் பள்ளிகளில் மிகவும் பிடித்தது இதுதான்.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். முதல் மாதத்தில் அந்தச் சின்னப் பெண்ணுக்கு மேஜையில் தலை சாய்த்ததற்கு ஒரு கறுப்புப் புள்ளி, சட்டை வெளியே வந்ததற்கு ஒன்று, ஆசிரியர் பேசும்போது கண்ணைப் பார்க்காததற்கு ஒன்று. மூன்று சேர்ந்தால் மாலையில் பிடித்து வைப்பார்கள். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் அக்காவுக்கு வாரத்தில் இரண்டு முறை பள்ளியிலிருந்து தொலைபேசி. ஒரு நாள் படியில் உட்கார்ந்து அழுதார். "என் பிள்ளையைத் திருடியைப் போல் பார்க்கிறார்கள்" என்றார். இது அந்த ஒரு பள்ளியின் கதை மட்டும் அல்ல. 2012–13 கல்வியாண்டில் பாஸ்டனின் ஒரு சார்ட்டர் பள்ளி, தன் மாணவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரை ஒரு முறையாவது இடைநீக்கம் செய்து வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தது. மாநிலமே வெளியிட்ட கணக்கு அது. அப்புறம் சட்டமும் இறுகியது, பள்ளிகளும் மெல்ல மாறின. ஆசிரியர்கள் அதிகம் மாறுவது இன்னொரு குறை. அவளுடைய கணக்கு ஆசிரியர் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரவே இல்லை. இத்தனை நீண்ட நாளை எத்தனை ஆண்டு ஒருவரால் இழுக்க முடியும்?

அப்படியும் அவள் கற்றாள். அது என் கண் பார்த்தது. ஆனால் கண் பார்த்ததை மட்டும் நம்ப முடியாது, அக்காவைப் போல் அலைந்து விண்ணப்பிக்கும் தாய் உள்ள பிள்ளை எங்கே போனாலும் படிக்கும் என்று சொல்லிவிடலாம் இல்லையா? சார்ட்டர் பள்ளிகளைப் பற்றிய பழைய வாதமே அதுதான்.

இதற்கு விடை கிடைத்த விதம் என்னை மிகவும் பாதித்தது. ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பதக் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் சிலர் பாஸ்டன் சார்ட்டர் பள்ளிகளின் பழைய குலுக்கல் பட்டியல்களை எடுத்தார்கள். விண்ணப்பித்தவர்கள் எல்லோருமே அக்கறையுள்ள பெற்றோர்தான். அவர்களில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்தது வெறும் அதிர்ஷ்டம். அப்படியானால் வென்ற பிள்ளைகளையும் தோற்ற பிள்ளைகளையும் சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டால், தெரியும் வித்தியாசம் பள்ளியால் வந்தது. 2011இல் வெளியான அந்த ஆய்வில் வென்றவர்கள், முக்கியமாகக் கணக்கில், வெகுதூரம் முன்னால் போயிருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் கல்லூரி நுழைவுக்கான சாட் தேர்விலும் மதிப்பெண் கூடியிருந்தது, ஈராண்டுக் கல்லூரிக்குப் பதில் நான்காண்டுக் கல்லூரிக்குப் போவதும் கூடியிருந்தது. எலிசபெத் செட்ரென் செய்த ஆய்வில், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளும்கூட முன்னேறியிருந்தார்கள். அதே மாநிலத்தில் நகரத்துக்கு வெளியே இருந்த சார்ட்டர் பள்ளிகளில் இந்தப் பலன் இல்லை. அதாவது சார்ட்டர் என்ற பெயரில் மாயம் எதுவும் கிடையாது. நீண்ட நேரம், கெடுபிடி, தனிப்பயிற்சி, விடாத எதிர்பார்ப்பு என்று நகரத்துச் சார்ட்டர் பள்ளிகள் வைத்திருந்த குறிப்பிட்ட ஒரு முறை, வேறு வழி அதிகம் இல்லாத பிள்ளைகளுக்கு வேலை செய்தது. குலுக்கல் நடத்தும் அளவுக்குக் கூட்டம் வந்த, பட்டியல்களை ஒழுங்காக வைத்திருந்த பள்ளிகளைத்தான் இப்படி அளக்க முடியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆங்ரிஸ்டுக்கு 2021இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு, இப்படித் தானாக நடக்கும் சோதனைகளிலிருந்து காரணத்தைப் பிரித்தெடுக்கும் முறைகளுக்காக. செய்தி பார்த்த அன்று எனக்கு நினைவு வந்தது அந்த நான்காக மடித்த கடிதம். அந்த ஆய்வின் ஒரு பாதி ஜெயித்த பிள்ளைகள், மறுபாதி தோற்ற பிள்ளைகள். மேல்வீட்டுப் பையனைப் போன்றவர்கள் தோற்காமல் இருந்திருந்தால், இந்தப் பள்ளிகள் நல்லவை என்று யாராலும் நிரூபித்திருக்க முடியாது. அவர்கள் என்ன இழந்தார்கள் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் அந்த முடிவே வந்தது. அப்படி நிரூபித்த பிறகு அவர்களுக்கு என்ன செய்தோம்?

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஹூஸ்டனில் 2010 முதல் ரோலண்ட் ஃபிரையர் என்ற பொருளாதார அறிஞர், மிகவும் பின்தங்கிய 20 சாதாரண அரசுப் பள்ளிகளில் இதே முறைகளை, தனிப்பயிற்சி உட்பட, கொண்டுபோய்ச் செய்து பார்த்தார். கணக்கில் நல்ல முன்னேற்றம் வந்தது, வாசிப்பில் பெரிதாக இல்லை. சிகாகோவின் பொதுப் பள்ளிகளுக்கும் தனிப்பயிற்சி போனது. ஷாங்கர் 1988இல் கேட்டது இதைத்தானே. பாஸ்டனில் இந்த விவாதம் மட்டும் சார்ட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே நின்றுபோனது. அந்த ஒரு மணி நேரத் தனிப்பயிற்சியை எல்லாப் பிள்ளைக்கும் கொடுப்போம் என்று அந்த 4 கோடி டாலரில் ஒரு விளம்பரம்கூட நான் பார்க்கவில்லை.

மகளுக்கு இடம் கிடைத்ததும் அக்கா செய்த முதல் வேலை, மகனையும் சேர்க்க முடியுமா என்று விசாரித்தது. உடன்பிறந்தவருக்கு முன்னுரிமை உண்டே. அவன் அப்போது எட்டாம் வகுப்புக்குப் போகவேண்டியவன். ஐந்து முதல் பன்னிரண்டுவரை உள்ள பள்ளியில் முதல் பாதி வகுப்புகளில் இடம் காலியானால் பிப்ரவரி நடுவரை நிரப்ப வேண்டும் என்று 2010 சட்டம் சொல்கிறது. பிற்பாதிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எட்டாம் வகுப்பில் அந்த ஆண்டு யாரும் விலகவில்லை. ஒன்பதில் பள்ளி புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. அவ்வளவுதான், கதவு மூடிவிட்டது.

2019இல் எங்கள் மகனுக்குப் பள்ளி வயது நெருங்கியது. நாங்கள் பாஸ்டனின் புறநகரான ஆக்டனுக்கு வீடு மாறினோம். இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடும்போது முதலில் பார்ப்பது பள்ளியைத்தான். ஆக்டன், வெஸ்ட்ஃபோர்ட், லெக்சிங்டன் என்று பேச்சு அங்கேயே சுற்றும். அங்கே ஊர்ப் பள்ளிகளில் சேரக் குலுக்கலில் ஜெயிக்க வேண்டியதில்லை. வீட்டின் விலையிலேயே பள்ளி சேர்ந்திருக்கிறது. நாங்களும் பள்ளியைத் தேர்ந்தெடுத்தோம், அக்காவும் தேர்ந்தெடுக்கத்தான் பார்த்தார். எங்களுக்கு வங்கி கடன் கொடுத்தது, அவருக்கு ஓர் எண் கொடுத்தார்கள். சார்ட்டர் பள்ளிக்கு அலையும் நகரத்துப் பெற்றோரைப் பற்றி எங்கள் வட்டத்தில் யாராவது லேசாகப் பேசினால் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

வீடு மாறிய வாரம், பாத்திரங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது, பின்படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அப்போது ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்தான், அவள் ஆறுக்கு. அவளுடைய கணக்குத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினான். விகிதமும் சமன்பாடும், ஓரமெல்லாம் அந்தப் பயிற்சியாளர் பச்சை மையில் எழுதிய குறிப்புகள். ஒரு பக்கத்தில் நின்று, உதடு அசைய வாசித்தான்.

"இதை எனக்குப் போன வருஷம்தான் சொல்லிக்கொடுத்தார்கள்" என்றான் அவளிடம். பிறகு, "இந்தத் தாளை நான் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டான்.